குப்பை முனையில் குனிந்தவள்

ஹயாதேவுக்கு நடக்கத் தெரியாது. ஓடத் தெரியும், இழுக்கத் தெரியும், இரண்டும் அலுத்துப்போனால் என் கால்களைச் சுற்றி வந்து வாரால் கட்டிப்போடத் தெரியும். காலை ஆறு மணிக்கு வாசல் கதவு திறந்ததும் பாய்கிறவன் ஓயி ஆற்றின் கரையில் போய்த்தான் மூச்சு விடுவான். அவன் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவள் நான். குசகாபே மசுமி, வயது ஐம்பத்திரண்டு, சாப்பாட்டுப் பொட்டலம் விற்கும் கடையில் பொரிக்கிற வேலை.

ஆற்றங்கரையில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே நான் ஹயாதே அம்மா. லாலா என்ற பூடிலைக் கொண்டுவரும் இளம்பெண் லாலா அம்மா. கொஹாரு என்ற கிழட்டு ஷிபா இன நாயோடு வரும் பெரியவர் கொஹாரு அப்பா. இரண்டு வருடமாக தினமும் பார்க்கிறோம், பேசுகிறோம். கொஹாருவுக்கு எந்தப் பக்கத்துப் பல் ஆடுகிறது, எந்தத் தீனி ஒத்துக்கொள்ளாது, இடிச் சத்தம் கேட்டால் எங்கே போய் ஒளிவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவளுடைய அப்பாவுக்கு மனைவி இருக்கிறாளா, எந்தத் தெரு, என்ன பெயர்? தெரியாது. கேட்பது முறையும் இல்லை. நாயைப் பற்றிக் கேட்கலாம். நாய்க்காரரைப் பற்றிக் கேட்கக்கூடாது.

ஹயாதே உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உட்காருவான். கொஹாரு அப்பா சட்டைப் பையிலிருந்து காய்ந்த கோழித்துண்டை எடுத்து விரலால் தரையைக் காட்டினால் போதும். தொப்பென்று உட்கார்ந்துவிடுவான்.

"எனக்கு மட்டும் ஏன் உக்கார மாட்டேங்கறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க 'உக்காரு, உக்காரு'ன்னு கெஞ்சறீங்க, ஹயாதே அம்மா. அவன் என்ன உங்க மேனேஜரா?"

இப்படிப்பட்ட மனிதர். இவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

ஏப்ரல் மாதத்தில் எங்கள் வட்டாரச் சங்கத்தில் பொறுப்பு மாறும். இந்த வருடம் எங்கள் பத்து வீட்டுக் குழுவுக்குத் தலைவி நான். முறை வைத்து வருவதுதான், பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் பெருமைப்பட்டேன். பதவியேற்ற முதல் வாரமே ஓர் அறிவிப்பு எழுதி, வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கைப் பலகையில் செருகி அனுப்பினேன். "நாய் வளர்ப்போர் கவனத்துக்கு. கழிவை எடுப்பது உங்கள் கடமை. சிறுநீர் கழித்த இடத்தில் தண்ணீர் ஊற்றவும். நம் தெருவின் மானம் நம் கையில்." கடைசி வரி என் சொந்தக் கற்பனை. பத்து வீட்டுக்காரர்களும் படித்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

சரியாக நான்காம் நாள். திங்கட்கிழமை. தொடக்கப்பள்ளியில் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் விழா நாள்.

ஆற்றங்கரையில் ஹயாதே ஒரு முறை போனான். எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன். கழிவெடுக்க என் பையில் இருந்த கடைசி பிளாஸ்டிக் உறை அதோடு தீர்ந்தது. திரும்பும் வழியில், எங்கள் தெரு முனையில் குப்பைப் பைகளை வலைபோட்டு மூடி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அவன் திடீரென்று சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்தச் சுற்றுக்கு என்ன அர்த்தம் என்று நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

"டேய், வேண்டாம். இப்பத்தானேடா போனே!"

கேட்டானா? பழுப்பு முதுகை வளைத்து, சுருட்டை வாலைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தான்.

பையைத் துழாவினேன். தண்ணீர் பாட்டில். காகிதக் கைக்குட்டை, அதுவும் ஒன்றே ஒன்று. ரொட்டி வாங்கிய வெறும் உறை, அடியில் கிழிந்தது. எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ மெத்தையை உதற வந்திருந்தார்கள்.

நான் குனிந்தேன். கிழிந்த உறையைச் சரசரவென்று ஆட்டினேன். எடுப்பதுபோல் கையை வீசினேன். முடிச்சுப் போடுவதுபோல் விரலை அசைத்தேன். நிமிர்ந்து, வெறும் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

நாயை வீட்டில் விட்டுவிட்டு உறை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதாகத்தான் எண்ணம். சத்தியமாக. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கடையிலிருந்து போன். விழா நாளுக்கு ஏகப்பட்ட பொட்டலம் சொல்லியிருக்கிறார்கள், பொரிக்கிற இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல், உடனே வா என்றார்கள். ஓடினேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பத்து மணிக்குக் கோழித்துண்டைப் பொரித்துக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. இதற்குள் யாராவது எடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு அடுத்த தட்டைக் கையில் எடுத்தேன்.

யாரும் எடுக்கவில்லை.

மாலையில் வட்டாரத் தலைவி குவஹாரா சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபது வயது. ஊரில் எந்த வீட்டுக் கொல்லையில் எந்தக் கொடி காய்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"குசகாபே-சான், கேட்டீங்களா அநியாயத்தை? நம்ம நிஷிகாகி வீட்டுப் பொண்ணு விழாவுக்குக் கிளம்பினாளா, குப்பை முனையில நாய் ஆய் போயி வச்சிருக்கு. குழந்தை மிதிச்சுட்டா. புது ஷூ! அதைப் பிடிச்சு இழுக்கப் போன அம்மாக்காரியும் மிதிச்சுட்டா. அவ கட்டியிருந்தது கிமோனோ. கால்ல வெள்ளைத் துணிக் காலுறை. நெனச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தேன்.

"வீட்டுக்கு ஓடி, கழுவி, மாத்தி, லேட்டாப் போயிருக்காங்க. குரூப் போட்டோவுல எல்லாரும் பட்டுக் கிமோனோவுல ஜம்முனு நிக்கறாங்க, அவ மட்டும் பள்ளிக்கூடத்து ரப்பர் செருப்போட நிக்கறா. வாழ்நாள் பூரா அந்தப் போட்டோதானே இருக்கப்போகுது?"

"ஐயோ" என்றேன். அந்த 'ஐயோ' மட்டும் பொய் இல்லை.

"நீங்க இப்பத்தான் அறிவிப்பு எழுதி அனுப்பிச்சீங்க. எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படிச் செய்வாங்க? தஷிரோ வீட்டம்மா மாடியிலேருந்து பார்த்திருக்காங்க. தொப்பி, நீல மழைச்சட்டை, சுருட்டை வாலோட பழுப்பு நாய். முகம் தெரியலையாம். கேளுங்க இதை, எடுக்கற மாதிரி குனிஞ்சு நடிச்சுட்டுப் போனாங்களாம்! நடிப்பு வேற!"

என் தொப்பியும் நீல மழைச்சட்டையும் அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் நாயோடு நடக்கிற எல்லோரிடமும் அதே தொப்பியும் அதே சட்டையும் இருக்கின்றன. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

"எனக்கு மூணாவது தெரு இசோகாய் மேலதான் சந்தேகம்" என்றார் குவஹாரா. "வெளியூர்லேருந்து வந்து மூணு வருஷம்தான் ஆச்சு, கூட்டத்துக்கும் அவ்வளவா வர்றதில்ல. பழுப்பு நாய் வச்சிருக்கார். நீங்க அந்த நேரத்துலதானே போவீங்க? யாராவது கண்ணுல பட்டாங்களா?"

இசோகாய். அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. மூன்றாவது தெரு வேறு குழு, வேறு பலகை. எனக்கு அது ஒரு பெயர்ப்பலகை. அதற்கு முகமில்லை, காலில்லை, அதன் பின்னால் மனிதன் இல்லை. என் கண்முன் இருந்ததெல்லாம் என் கையெழுத்தில் இருந்த அறிவிப்பும் 'நம் தெருவின் மானம்' என்ற வரியும்தான்.

"பழுப்பு நாயோட யாரோ... பார்த்த மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"நெனச்சேன்!" என்று தொடையில் தட்டினார் குவஹாரா. "நீங்க பார்த்தீங்கன்னா அப்புறம் சந்தேகமே வேண்டாம்."

சைக்கிள் மூன்றாவது தெருப் பக்கம் திரும்பியது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். கண்ணுக்கு மறையும்வரை அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரவுச் சாப்பாட்டில் என் கணவர் ஹிதேகி விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நடிச்சுட்டுப் போனானா? எடுத்த மாதிரியே? அந்த ஆளுக்கு மேடை போட்டுக் கொடுக்கணும்டி. மூஞ்சியைப் பாக்கணும் போல இருக்கே!"

அவருக்கு எதிரில் அந்த மூஞ்சி சோறு மென்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை கொஹாரு அப்பா ஆற்றங்கரைக்கு வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை ஹயாதே அவர் வழக்கமாக வரும் படிக்கட்டுப் பக்கம் என்னை இழுத்துப்போய் நின்றுகொண்டு, நகரமாட்டேன் என்றான்.

"கொஹாருவுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றாள் லாலா அம்மா. "வயசு பதிமூணு ஆகுதே."

"வீட்டுக்குப் போய்ப் பாக்கலாமா?"

"எந்த வீடு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேர் என்ன அவருக்கு?"

லாலா அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் அசடாகச் சிரித்தோம்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு பெரியவர் நின்றார். கையில் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டி. கதவு திறந்த சத்தத்துக்கே இடுப்பு வரை குனிந்துவிட்டார். தலை நிமிராமல் பேசினார்.

"மூன்றாவது தெரு இசோகாய் என்பவன். என்னுடைய நாயின் கழிவால் இந்தக் குழுவினர் எல்லோருக்கும் பெரும் தொந்தரவு கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

நிமிர்ந்தார். கொஹாரு அப்பா.

தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் முறை. நெற்றியில் தொப்பி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"அட, ஹயாதே அம்மாவா!" என்றார். அந்த அரைக் கணம் அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அப்போ குழுத் தலைவி குசகாபே-சான்னு சொன்னது... நீங்களா? இன்னும் கஷ்டமாப் போச்சே. தெரிஞ்சவங்க முன்னாடி இப்படி வந்து நிக்கறேனே."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஞாபகமே இல்ல, ஹயாதே அம்மா. அதைத்தான் யோசிச்சுப் பாக்கறேன். திங்கட்கிழமை அந்த முனை வழியாப் போனது நிஜம். குனிஞ்சேன், எடுத்தேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா குளிர்காலத்துலேருந்து எனக்கு ரெண்டு கண்ணுலயும் திரை விழுந்திருக்கு. ஆபரேஷனுக்கு இலையுதிர் காலம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. எடுக்கற மாதிரி வெறும் தரையைத் தடவிட்டுப் போயிருக்கேன் போல. மாடியிலேருந்து ஒருத்தங்க பார்த்தாங்களாம். இந்தக் குழுவுலயே இன்னொருத்தங்க நேர்லயே பார்த்தாங்களாம். ரெண்டு பேர் பார்த்தப்புறம் நான் இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

உள்ளே நகம் தரையில் வழுக்கும் சத்தம். ஹயாதே பாய்ந்து வந்து அவருடைய கறுப்புக் கோட்டில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்தான். அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த கோழித்துண்டு இல்லை. வெறும் விரலால் தரையைக் காட்டினார். ஹயாதே உட்கார்ந்தான்.

"நல்ல பையன். இனிமே அம்மா சொன்னாலும் உக்காரணும், என்ன?"

"இனிமேன்னா?" என்றேன்.

"நாளைக்கு நகோயாவிலேருந்து என் பொண்ணு வர்றா. கொஹாருவைக் கூட்டிக்கிட்டுப் போறா. கீழே என்ன கிடக்குன்னு தெரியாதவன் நாய் வச்சுக்கக் கூடாது. பாவம், அந்தக் குழந்தையோட முதல் நாள்." பெட்டியை இரு கைகளாலும் நீட்டினார். "நிஷிகாகி வீட்டுல பெரிய மனசோட மன்னிச்சுட்டாங்க. மீதி எட்டு வீட்டையும் முடிச்சுட்டேன். உங்க வீடுதான் கடைசி."

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். பழக்கம். யாராவது நீட்டினால் கை தானாகப் போய்விடுகிறது. அவர் மறுபடி இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். எதற்காகக் குனிகிறேன் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கதவு மூடியது.

ஹிதேகி வந்து பெட்டியைப் பிரித்தார். சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த இனிப்பு. "நல்ல கடையா இருக்கே! தப்பு பண்ணினாலும் ஆளு தரமான ஆளு" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"தப்பு பண்ணினது அவர் இல்ல" என்றேன். "ஹயாதே. நான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். முழுவதையும் சொன்னேன், கிழிந்த உறையிலிருந்து 'பார்த்த மாதிரி' வரை. கடித்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ சும்மா இரு."

"ஏங்க!"

"யோசிச்சுப் பேசு. நாய் எங்க போகுது? பொண்ணு வீட்டுக்கு. நல்லாப் பாத்துப்பா. அவருக்கும் கண்ணு தெரியல, ஒருநாள் போகவேண்டியதுதான். நீ இப்பப் போய்ச் சொன்னா? அறிவிப்பு எழுதினதும் நீ, நடிச்சதும் நீ, அடுத்தவன் தலையில போட்டதும் நீ. இந்தத் தெருவுலதான் இன்னும் முப்பது வருஷம் குடியிருக்கணும் நாம. குவஹாரா விட்டுடுவாளா?"

அவர் சொன்னதில் ஒன்றுகூட நான் ஏற்கனவே எனக்குச் சொல்லிக்கொள்ளாதது இல்லை. அதுதான் எனக்குக் கேவலமாக இருந்தது. என் மனசுக்குள் ஓடியதையே அடுத்தவர் வாயால் கேட்டால் எப்படி நாறுகிறது! அவர் மீதி இனிப்பைச் சாப்பிடவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹயாதேவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆற்றுப் பக்கம் இழுத்தான். மூன்றாவது தெருவுக்கு நான் இழுத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஜெயித்தேன்.

'இசோகாய்' என்ற பலகை கடைசி வீட்டில் இருந்தது. அதே தெரு வழியாக நூறு முறையாவது போயிருப்பேன். ஹயாதேவை வாசல் கம்பியில் கட்டிவிட்டு மணி அடித்தேன்.

கதவு திறந்ததும் தெரிந்தது கூண்டு. நாயை ரயிலில் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூண்டு, உள்ளே மடித்த பழைய துண்டு. மேலே ஒரு காகிதம். "காலையில் தீனியை வெந்நீரில் ஊறவைக்கவும். வலது பக்கப் பல் ஆடுகிறது. இடி இடித்தால் குளியலறைக்குள் விடவும்." சரியாகத் தெரியாத கண்ணோடு எழுதியதால் எழுத்துகள் பெரிது பெரிதாக, வரி கோணலாகப் போயிருந்தன.

"கொஹாருவை வழியனுப்ப வந்தீங்களா?" என்றார். "உள்ள வாங்க."

நான் உள்ளே போகவில்லை. செருப்பு விடும் இடத்துச் சிமென்டுத் தரையிலேயே மண்டியிட்டேன்.

"அது கொஹாரு இல்ல. ஹயாதே. உறை தீர்ந்துபோச்சு. எடுக்கற மாதிரி குனிஞ்சது நான்தான்."

நெற்றியைத் தரையில் வைத்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை."

"நான் அந்த முனையைத் தாண்டினது ஆறு மணிக்கு." அவர் காலடி என் பக்கம் வந்தது. "அப்போ நான் எடுத்தது எடுத்ததுதானா? அன்னிக்கு எடுத்தேன். குப்பையில போட்டேன். எனக்கு ஞாபகம் இருந்தது சரிதான்."

"சரிதான்."

அவர் சிரித்தார். ஆமாம், சிரித்தார். தரையில் உட்கார்ந்து, படுத்திருந்த கொஹாருவின் காதைப் பிடித்து ஆட்டினார். "கேட்டியாடி? அப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போகல. அஞ்சு நாளா நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா? கண்ணு போனதோட மூளையும் போச்சுன்னு..." என் பக்கம் திரும்பினார். "எழுந்திருங்க, ஹயாதே அம்மா. உறை தீர்றது யாருக்கும் நடக்கறதுதான். சொல்லப் பயமா இருந்திருக்கும். வந்து சொன்னீங்களே."

அங்கேயே எழுந்து போயிருக்கலாம். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது. ஆனால் அவர் யோசிக்க ஆரம்பித்தார். புருவம் சுருங்குவது தெரிந்தது.

"மாடியிலேருந்து பார்த்தவங்களுக்கு ஆள் தெரியல. சரி. ஆனா நேர்ல பார்த்ததா ஒருத்தங்க சொன்னாங்களே? அவங்க எதைப் பார்த்தாங்க?"

ஹயாதே வெளியே குரைத்தான்.

"அதுவும் நான்தான்" என்றேன்.

"எது?"

"பார்த்த மாதிரி இருக்குன்னு குவஹாரா-சான்கிட்ட சொன்னது. இசோகாய்ங்கற பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க. அது நீங்கன்னு எனக்குத் தெரியாது."

கொஹாருவின் காதிலிருந்து அவர் கை விலகியது.

"தெரியாது" என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். "நான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க."

"மாட்டேன். சத்தியமா."

"வேற எவனோ இசோகாய்ன்னா பரவாயில்ல."

நேற்றிலிருந்து நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சமாதானம் அது. 'அவர் என்று தெரியாதே!' அதை அவர் ஒரே வரியில் திருப்பிப் பிடித்துக் காட்டிவிட்டார்.

எழுந்து போய் போனை எடுத்தார். எண்களைக் கண்ணருகில் வைத்து அழுத்தினார்.

"நான்தான்மா. கிளம்பிட்டியா? ... கொஹாரு வர வேண்டாம். ... இல்ல, இல்ல, நல்லா இருக்கேன். அது நான் இல்லையாம். ... ஆமா, இப்பத்தான் தெரிஞ்சுது. ... யாரா?"

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். போனை என் பக்கம் நீட்டினார்.

"யாருன்னு கேக்கறா. நீங்களே சொல்லுங்க."

மண்டியிட்டபடியே வாங்கினேன். அந்தப் பக்கம் ரயில் நிலைய அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"முதல் தெரு, குழுத் தலைவி, குசகாபே மசுமி" என்றேன். செய்ததைச் சொன்னேன். இரண்டையும்.

"திங்கட்கிழமை நைட் அப்பா எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னார் தெரியுமா?" என்றது ஒரு பெண் குரல். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தது. "'அம்மா போனப்புறம் நான் தனியா இருந்தது தப்பு, ஏதாவது முதியோர் இல்லம் பாரு'ன்னாரு. நான் மூணு இடம் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"மன்னிச்சுக்கங்க."

"நான் ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். நாயைக் கூட்டிட்டுப் போக இல்ல, அப்பாவைப் பாக்க வர்றேன். நான் வரும்போது நீங்க அங்க இருக்காதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"குவஹாரா-சான் வீட்டுக்கு இப்பவே போறேன்" என்றேன். "நிஷிகாகி வீட்டுக்கும் போறேன். குழுவுல எல்லா வீட்டுக்கும் போவேன்."

"அது உங்க வேலை" என்றார். கூண்டின் மேலிருந்த காகிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். ஆணியிலிருந்து தொப்பியையும் வாரையும் எடுத்தார். "இவ நடக்கற நேரம் ஆச்சு. திங்கட்கிழமையிலேருந்து கொல்லையிலதான் நடத்திக்கிட்டிருக்கேன்."

வாசலில் என்னைத் தாண்டிப் போனார். கோழித்துண்டுக்காக ஹயாதே வாலை ஆட்டினான். அவர் கை பையிடம் போகவில்லை. கூட வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. குவஹாரா வீட்டுக்கும் அதே வழிதான். அவர் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். என்ன தோன்றியதோ, ஹயாதேகூட இழுக்கவில்லை.

தெருவின் பாதியில், ஒரு வீட்டு மதிலோரம் கொஹாரு நின்றாள். புல்லை முகர்ந்தாள். அவ்வளவுதான், வேறெதுவும் செய்யவில்லை. நான் பத்தடி தூரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன்.

கொஹாரு அப்பா உடனே குனிந்தார். முழங்காலைத் தரையில் ஊன்றி, முகத்தைப் புல்லுக்கு அருகில் கொண்டுபோனார். உறையைக் கையில் மாட்டிக்கொண்டு மதிலோரம் முழுவதையும் தடவினார். ஒருமுறை தடவி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"அங்க ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "முகர்ந்து பாத்துட்டு விட்டுட்டா. நான் பார்த்தேன்."

அவர் கை ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கை மறுபடி புல்லைத் தடவிப் பார்க்கத் தொடங்கியது. நான் பார்த்தேன் என்று சொன்னால் அவர் எதற்காக நம்ப வேண்டும்?